சிறிய ரப்பர் போட்டில் கடல்மீன் பிடிக்கக் கற்பது: ஸ்வானேஜ், மேற்குக் காற்று, சில கேள்விகள்

ரெடிங் மீனவன்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை, இப்போது இங்கிலாந்தில் ரெடிங். கடலுக்கும் எனக்கும் பெரிய சொந்தம் கிடையாது. செசில் கடற்கரையில் கரையிலிருந்து தூண்டில் போட்டுப் பழகியதுதான். இந்த வசந்தத்தில் பழைய ரப்பர் போட் ஒன்று வாங்கியிருக்கிறேன். 3.2 மீட்டர், காற்றடிக்கும் தரை, பின்னால் 5 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். எல்லாம் மடித்துக் காரின் பின்பக்கம் அடங்கிவிடுகிறது, அதுதான் வாங்கியதற்கே காரணம்.

மே மாதக் கடைசி வார விடுமுறையில் தென்கரையில் இருக்கும் டோர்செட் போகலாம் என்று எண்ணம். என் கணக்கு இது. அங்கே பெரும்பாலும் தென்மேற்கு அல்லது மேற்குக் காற்று. ஸ்வானேஜ் விரிகுடா கிழக்கே பார்த்திருக்கிறது, பின்னால் குன்றுகள். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது மேற்குக் காற்று நன்றாகவே அடித்தது, ஆனால் கரையோரம் தண்ணீர் அப்படியே தட்டையாக இருந்தது. ஆக, மேற்குக் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து இறங்கினால் பயமில்லாமல் பழகலாம், சரிதானே?

அப்புறம் சில சின்னக் கேள்விகள். உரிமம் ஏதாவது எடுக்க வேண்டுமா? என்ன தூண்டில்? ஆழம் காட்டும் கருவி முதல் வருடமே தேவையா?

செவுள்:
நல்வரவு தம்பி. இங்கிலாந்தில் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம். நன்னீர் மீன்களுக்கும் சால்மன், கடல் டிரவுட்டுக்கும்தான் அது. பிடித்ததை விற்கக் கூடாது, சாப்பிடலாம்.

போட்டில் நீளத் தூண்டில் இடைஞ்சல். 6 அல்லது 7 அடியில் மெல்லியதாக ஒன்று, 4000 அளவு ரீல், 20 பவுண்டு பின்னல் நூல், அதன் முனையில் இரண்டு பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நூல். இதில் மாக்கரலும் (நம் அயிலை இனம்) பிடிக்கலாம், பாஸும் பிடிக்கலாம். ஆழம் காட்டும் கருவியை இப்போதைக்கு விடுங்கள். இடம் நல்ல இடம்தான்.

தட்டைவடை:
இடம் நல்லது. கணக்கு பிழை.

தம்பி, நான் பருத்தித்துறைப் பிள்ளை. எங்கட கரை வடக்கே பார்த்தது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காற்று நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும். கரையில் நின்று பார்த்தால் கடல் அசையாது. அந்தத் தட்டைத் தண்ணீரைப் பார்த்து எங்கட பெரியவர்கள் ஒருநாளும் ஏமாறமாட்டார்கள். வள்ளத்தை எவ்வளவு தூரம் விடலாம், எப்போது திருப்ப வேண்டும் என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் சொல்லுவார்கள். கரையில் அலை இல்லை என்றால் காற்று இல்லை என்று அர்த்தம் இல்லை. அலை எழும்ப அந்தக் காற்றுக்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் 500 மீட்டர் வெளியே போனால் அங்கே சின்ன அலை. ஒரு கிலோமீட்டர் போனால் அலை தலை உடையத் தொடங்கும். திரும்பி வரும்போது அதெல்லாம் முகத்தில் அடிக்கும், காற்றும் எதிர்.

குன்று மறைக்கும் என்கிறீர்கள். ஸ்வானேஜ் இருக்கிற பூர்பெக் பகுதியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ. வடக்கே சுண்ணக் குன்றுத் தொடர், தெற்கே கல் மேட்டுநிலம், நடுவில் கார்ஃப் பக்கமிருந்து நீளமான பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கு கடலைத் தொடுகிற இடம்தான் ஸ்வானேஜ். தென்மேற்குக் காற்றை மேட்டுநிலம் கொஞ்சம் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். நேர் மேற்குக் காற்றை எது தடுக்கும்? அது அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து நேரே உங்கட முதுகில் வந்து விழும்.

ரப்பர் போட்டுக்கு இது இரட்டிப்புக் கவனம். அது தண்ணீருக்குள் அமிழாது, மேலேயே மிதக்கும். பிடிப்பு இல்லை. எஞ்சின் நின்றால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த கரை ஐல் ஆஃப் வைட், அதையும் தவறவிட்டால் ஆங்கிலக் கால்வாய் முழுக்க உங்களுக்குத்தான்.

சும்மா பார்ப்பவன்:
ரெடிங்கில் தேம்ஸ் ஓடுகிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கரை இரண்டு பக்கமும் கிட்டத்தில்தான். (உரிமம் எடுக்க வேண்டும், அதுதான் குறை.)

செவுள்:
வடை அண்ணா சொல்வதில் ஒரு வார்த்தைகூட பொய்யில்லை. ஆனாலும் அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தத் தம்பி ஒருநாளும் இறங்கமாட்டார். இங்கே காற்று இல்லாத நாள் வருடத்தில் எத்தனை? கிழக்குக் காற்று அடித்தால் ஸ்வானேஜில் அலை நேராகக் கரையில் வந்து உடையும். தள்ளிக்கொண்டு இறங்குவதற்குள் போட் பாதி நிரம்பிவிடும். டோர்செட் முழுக்கச் சின்ன போட் வைத்திருப்பவர்கள் மேற்குக் காற்றில்தான் ஸ்வானேஜிலும் வேமத்திலும் மீன் பிடிக்கிறார்கள். கரையிலிருந்து வீசும் காற்று கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்வதைவிட, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொடுத்தால் உபயோகம்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் கரை கிழக்கே பார்த்தது, ஸ்வானேஜ் மாதிரியேதான். விடியற்காலை நிலக்காற்றில் பாய் விரித்துப் போய், பகல் கடற்காற்றில் திரும்புவது அங்கே தலைமுறை வழக்கம். நிலக்காற்று எதிரி என்றால் எங்கள் ஊரில் யாரும் மீனே தின்றிருக்க மாட்டார்கள்.

தட்டைவடை:
திரும்பி வரக் கடற்காற்று இருந்தது, அதனால் போனார்கள். இங்கே மேற்குக் காற்று மத்தியானம் திசை மாறி உங்களைக் கொண்டுவந்து விடுமோ? தாழ்வுநிலை ஒன்று அட்லாண்டிக்கில் இருந்து வந்தால் இரண்டு நாளும் அதே பக்கம்தான் அடிக்கும், பின்னேரம் கூடத்தான் செய்யும்.

செவுள்:
அது சரியான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன். வேமத் பக்கம் கயாக்கும் ரப்பர் போட்டும் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தனியாகப் போகிறவள். அதனால் எனக்கு எண்கள் பிடிக்கும்.

ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். மீன் பிடிக்கும்போது எஞ்சினை நிறுத்தி மிதக்கவிடுவோம். மிதக்கும் வேகம் ஒரே ஒரு நாட்தான் என்று வையுங்கள். அரை மணியில் 900 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். மாக்கரல் கூட்டம் கிடைத்துவிட்டால் அரை மணி என்பது ஐந்து நிமிடம் போல ஓடும், யாரும் தலை நிமிர்ந்து கரையைப் பார்ப்பதில்லை. காற்றின் வலுவைச் சொல்லும் பெஃபோர்ட் அளவுகோலில் 4 என்பது 11 முதல் 16 நாட் காற்று. அதில் 3 மீட்டர் ரப்பர் போட்டை அதனுடன் வரும் குட்டித் துடுப்பால் எதிர்த்து வலிக்க முடியும் என்று நினைத்தால், ஒருமுறை கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் செய்து பாருங்கள். நகராது.

எனவே கரையிலிருந்து வீசும் காற்றில் என் எல்லை 8 நாட். அதுவும் வானிலை அறிக்கையில் இடையிடையே வரும் வீச்சின் எண்ணைத்தான் பார்ப்பேன், சராசரியை அல்ல. அதற்கு மேல் என்றால் நங்கூரம் போட்டு மட்டும், கரையில் நிற்பவரின் சட்டை நிறம் தெரியும் தூரத்தில். பழகும் வருடத்தில் இதுகூட அதிகம் என்று சொல்வேன்.

அப்புறம், மே மாதக் கடைசியில் வெயில் 20 டிகிரி இருக்கும், கடல் 12, 13 டிகிரிதான். டி-ஷர்ட்டோடு விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு உங்கள் கையில் இருக்காது. அந்த நேரத்தில் நீந்த முயலக் கூடாது, மல்லாந்து மிதக்க வேண்டும். ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுக்காரர்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டுங்கள். எஞ்சினின் கில் கார்டை (நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) காலில் கட்டாமல் எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். தனி ஆள் விழுந்து, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், போட் வட்டமடித்துத் திரும்பி விழுந்தவர் மேலேயே வரும்.

போன் போதாது. கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். வானொலி வாங்குங்கள், தண்ணீர் புகாதது. அதற்கான உரிமம் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் இணையதளத்தில் இலவசம். இயக்கத் தெரிந்ததற்கான சான்றிதழ் ஒருநாள் வகுப்பு. ஆபத்துக்கு 16-ஆம் அலைவரிசை. ஸ்வானேஜில் இன்னொரு வசதி உண்டு: பெவரில் முனையில் தன்னார்வலர்கள் நடத்தும் கடல் கண்காணிப்பு நிலையம். 65-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டு வானொலி வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம், அங்கே இருக்கும் காற்றையும் கேட்டுக்கொள்ளலாம். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன சாம்பல் நிற போட் விரிகுடாவில் இருக்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லதுதானே.

ரெடிங் மீனவன்:
இதைக் கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சரி, மேற்குக் காற்று 8 நாட் அளவுக்குள், கரைக்குக் கிட்ட. நங்கூரம் பற்றிக் கொஞ்சம் விளக்க முடியுமா? போட்டோடு சின்ன மடக்கு நங்கூரமும் 15 மீட்டர் கயிறும் தந்தார்கள். தனியாக உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்தால் அணியம் (போட்டின் முன்முனை) வானத்தைப் பார்க்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

தட்டைவடை:
15 மீட்டர் கயிறு உடுப்புக் காயப்போடத்தான். விரிகுடாவுக்குள் ஆழம் பெரும்பாலும் 10 மீட்டருக்குள். கயிறு ஆழத்தின் 4 மடங்காவது வேண்டும், ஆகவே 40, 50 மீட்டர் எடுங்கோ. நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவில் 2 மீட்டர் சங்கிலி. சங்கிலி இல்லாவிட்டால் நங்கூரம் படுக்காது, இழுபட்டுக்கொண்டே வரும். கயிறை எப்போதும் அணியத்தில் கட்ட வேண்டும். பின்பக்கம் எஞ்சின் இருக்கிற பலகை தாழ்வு. அங்கே கட்டினால் நீரோட்டமும் அலையும் அந்தப் பலகைக்கு மேலால் ஏறி உள்ளே வந்துவிடும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

அணியம் தூக்குவதற்குக் காரணம் எடை எல்லாம் பின்னால் இருப்பது. பெட்ரோல் கேன், நங்கூரம், ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கோ. எஞ்சின் கைப்பிடிக்கு நீட்டுக்குழாய் போட்டு, நடுவில் உட்காருங்கோ. எதிர்க்காற்றில் அணியம் தூக்கி ஓடினால் காற்று அடியில் புகுந்து போட்டையே புரட்டும்.

இன்னொன்று, உங்கட எஞ்சினுக்குள்ளேயே இருக்கிற பெட்ரோல் தொட்டி ஒரு லிட்டர் அளவுதான் பிடிக்கும். முழு வேகத்தில் அரை மணி. ஆடுகிற போட்டில் புனல் பிடித்து ஊற்றுவது கெட்ட வேலை. கரையில் நிரப்பி, முக்கால்வாசி முடியும் முன்னே வந்துவிடுங்கோ.

பெவரில் முனையைத் தாண்டித் தெற்கே போகாதீர்கள். அந்தப் பாறைத் திட்டுக்கு மேலே நீரோட்டம் பிய்த்துக்கொண்டு ஓடும், காற்று எதிராக இருந்தால் தண்ணீர் நிமிர்ந்து நிற்கும். வடக்கே பல்லார்ட் முனையும் அதே கதை. இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு வேண்டிய இடம் இருக்கிறது. நண்டு, லாப்ஸ்டர் கூண்டுகளின் மிதவைக்குக் கிட்ட எஞ்சின் ஓட்டாதீர்கள். கயிறு விசிறியில் சுற்றினால் அந்த மிதவையோடு நீங்களும் கட்டுண்டு நிற்பீர்கள்.

நெய்தல்:
வடக்கே அடுத்த விரிகுடாவான ஸ்டட்லண்ட் பக்கம் நங்கூரம் போடும் எண்ணம் வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே கடற்புல் படுகை, அதற்குள் கடற்குதிரைகள். 2019-ல் கடல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. நங்கூரம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பகுதியை மிதவை வைத்துக் குறித்திருக்கிறார்கள்.

காற்றடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. வெயிலில் கரையில் கெட்டியாக அடித்த போட் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளரும். இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி பம்பை வையுங்கள். திரும்பி வந்து வெயிலில் விடும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். தரைக்குப் பக்கக் குழாய்களைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும், வால்வுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். தரை தளர்ந்தால் போட் நடுவில் மடிந்து மடிந்து ஓடும்.

செவுள்:
சரி, பயமுறுத்தல் போதும். மீனுக்கு வருவோம்.

மே கடைசியில் மாக்கரல் வரத் தொடங்கியிருக்கும். ஆனால் சில வருடங்களாக முன்புபோல் கொட்டுவதில்லை, வரும் நாளில் வரும். கடையில் விற்கும் இறகுத் தூண்டிலில் 6 முள் இருக்கும். அதைக் கத்தரித்து 3 ஆக்குங்கள். காற்றடைத்த குழாயில் உட்கார்ந்து 6 மாக்கரல் துள்ள, காலியான முட்கள் காற்றில் பறப்பதைப் பார்த்தவன் சொல்கிறேன். முள்ளின் எதிர்நுனியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனையும் விடலாம், விரலையும் விடுவிக்கலாம். ஈயம் 3 அவுன்ஸ் போதும். தரை தொடும்வரை விட்டு, இரண்டு சுற்று சுற்றி, தூக்கித் தாழ்த்தி, மறுபடி இரண்டு சுற்று. எந்த ஆழத்தில் தட்டுகிறதோ அங்கேயே நில்லுங்கள். கடற்காகங்களைவிட ஆலாக்களைக் கவனியுங்கள். அவை குதித்துக் குதித்துப் பிடிப்பது மணல்விலாங்குக் குஞ்சுகளை. அதற்கடியில்தான் மாக்கரல், சில சமயம் பாஸ்.

பாஸ் நம் கொடுவாவுக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும், ருசியும் கிட்டத்தட்ட. 42 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை, எந்த மாதங்களில் என்பது அரசு மாற்றிக்கொண்டே இருப்பது, கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பாருங்கள். பொல்லாக் பிடித்தால் முடிந்தவரை விட்டுவிடுங்கள். 2024-ல் தென்மேற்குக் கடலில் வணிகப் படகுகளுக்கே அதைக் குறிவைத்துப் பிடிப்பது நிறுத்தப்பட்டது, அவ்வளவு குறைந்துவிட்டது. கருப்பு பிரீம் இந்த மாதங்களில் சரளைத் தரையில் கூடு கட்டும், ஆண் மீன் காவல் நிற்கும். பூர்பெக் கரையோரத்தில் அந்தக் கூடுகளுக்காகவே ஒரு பாதுகாப்பு மண்டலம் உண்டு. குழம்புக்கு ஆசைப்பட்டுக் காவல்காரனைத் தூக்கினால் முட்டை போச்சு. நான் இந்தப் பருவத்தில் பிரீமைத் தேடிப் போவதில்லை.

இரைக்குக் கடற்கரைக் கடையில் புழு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நம் தமிழ்க்கடை ஃப்ரீசரில் இருக்கும் கணவாய் பாக்கெட் ஒன்று போதும், நீளவாக்கில் சுண்டுவிரல் அகலத்தில் வெட்டுங்கள். முதல் மாக்கரல் கிடைத்ததும் அதன் வயிற்றுத் தோல் பட்டை அதைவிட நல்ல இரை.

ஈரத் துண்டு ஒன்றைக் குழாய் மேல் விரித்து அதன்மேல் மீனைக் கிடத்துங்கள். பாஸின் முதுகு முள் கூர்மை. கத்திக்கு உறை கட்டாயம். மணல் தரையில் வீவர் என்று ஒரு சின்ன மீன் சிக்கும், முதுகுத் துடுப்பு கருப்பாக இருக்கும். அதைக் கையால் தொடாமல் குறடால் கழற்றிவிடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணியாவது கையை வைக்க வேண்டும், வலி அடங்க அதுதான் வழி. ஃபிளாஸ்க் டீயை முழுதும் குடித்துவிட வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

மாக்கரலை உடனே செவுளை அறுத்து இரத்தம் வடித்து ஐஸில் போடுங்கள். வாளியில் வெயிலில் விட்டு மாலையில் சமைத்தால் முகம் சிவந்து தடித்து வரும். கெட ஆரம்பித்த இந்த வகை மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

சும்மா பார்ப்பவன்:
கடைசியில் ஒரு முக்கியமான கேள்வி. சுறாப்புட்டுக்கு வழி உண்டா?

செவுள்:
உண்டு. டாக்ஃபிஷ் என்று சொல்லும் புள்ளிச் சுறாக்குட்டி, வேண்டாம் என்றாலும் வரும். பிடிக்கும்போது வாலையும் தலையையும் சேர்த்து ஒரே கையில் மடக்குங்கள், இல்லாவிட்டால் கையில் சுற்றிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்த மாதிரி தோலை உரித்துவிடும். உரிப்பதுதான் வேலை. கொதிநீர் ஊற்றிச் சுரண்டினால் வரும். மஞ்சள் போட்டு அவித்து உதிர்த்தால் நம் ஊர்ப் பால்சுறாவுக்கு ஒரு படி கீழே, ஆனால் புட்டு புட்டுதான். டோப் என்ற பெரிய சாம்பல் சுறா மாட்டினால் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. 2008-லிருந்து தடை, படகிலிருந்து தூண்டிலில் பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவரவே கூடாது.

சும்மா பார்ப்பவன்:
நானும் ரப்பர் போட் விலை பார்க்கிறேன்.

ரெடிங் மீனவன்:
விடுமுறைக்கான அறிக்கை வந்துவிட்டது. சனிக்கிழமை மேற்கு 14 நாட், வீச்சு 22. ஞாயிறு காலை வடமேற்கு 4 நாட், மதியம் தென்கிழக்கு 9, வெயில். சனிக்கிழமையை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை போகிறேன், 11 மணிக்குள் கரையேறிவிடலாம் என்று திட்டம். மதியம் அந்தத் தென்கிழக்கு நல்லதுதானே, கரைக்குத் தள்ளும் காற்று?

நெய்தல்:
போட்டைத் தள்ளும், அலையையும் கூட்டிக்கொண்டு வரும். 9 நாட் காற்றில் கரையில் சின்ன அலை உடைப்பு இருக்கும், எஞ்சினைத் தூக்கி, துடுப்பில் வந்து, முழங்காலளவில் குதித்து இறங்க வேண்டும். 11 மணித் திட்டமே சரி. சனிக்கிழமை சும்மா இருக்காமல் கரையில் போட்டை முழுக்கப் பொருத்தி, எஞ்சின் மாட்டி, இருட்டில்கூட எது எங்கே என்று கை போகும்வரை பழகுங்கள். வீட்டில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

தட்டைவடை:
நான் போர்ன்மத்தில்தான் இருக்கிறேன். ஞாயிறு ஆறரைக்கு இறங்குதுறையில் நிற்பேன். கூட ஏறமாட்டேன், முழங்கால் ஒத்துழைக்காது. கரையில் இருந்து வானொலியில் பேசலாம் என்றால் அதற்கு உரிமம் வேண்டும் என்று நெய்தல் பிள்ளை சண்டைக்கு வரும், ஆகவே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். அதன் நிறம் தெரிகிற தூரத்துக்கு மேல் போகக் கூடாது. கை இரண்டையும் ஆட்டினால் வரச்சொல்கிறேன் என்று அர்த்தம், மீன் தட்டிக்கொண்டிருந்தாலும்.

ரெடிங் மீனவன்:
அண்ணா, இதைவிட என்ன வேண்டும். ஆறரைக்கு வந்துவிடுகிறேன். இட்லி கட்டிக்கொண்டு வருகிறேன்.

செவுள்:
கணவாயை சனிக்கிழமை இரவே ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். காலையில் கல்லாக இருந்தால் வெட்ட வராது.